ம் கொட்ட ஆள் வேண்டும்

(பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இணையவழியில் ஒரு கதை மாலை நடத்தப்போகிறோம், அதற்கு முன்னோட்டமாக ஏதாவது பேசுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நிகழ்ச்சி நிரலின் வரைவையும் அனுப்பியிருந்தீர்கள். பசறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, தம்பானையிலிருந்து ஓர் ஆதிவாசிப் பெரியவர், வெலிமடையிலிருந்து ஒரு சிங்களக் கதைசொல்லி, நீலகிரிக் கோத்தகிரியிலிருந்து ஒரு பாட்டி, டொரொன்டோவிலிருந்து ஒருவர், பெல்ஃபாஸ்டிலிருந்து ஒருவர். ஆளுக்குப் பத்து நிமிடம். நடுநடுவே மொழிபெயர்ப்பு. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள்: கேட்போர் அனைவரும் ஒலிவாங்கியை அணைத்து வைக்க வேண்டும். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கடைசி வரியோடு கொஞ்சம் சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறேன்.

தோட்டத்தில் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பாயியோ அம்மாயியோ கதை சொன்னால் கேட்கிற பிள்ளை ‘ம்’ கொட்ட வேண்டும். ஒரு ஊர்ல ஒரு ராசா. ம். ராசாவுக்கு ஏழு பொண்டாட்டி. ம். இரண்டு ‘ம்’ தவறினால் கதை நின்றுவிடும். “ஏ புள்ள, தூங்கிட்டியா?” பதில் வராவிட்டால் ராசா அந்த இடத்திலேயே நிற்பார். மறுநாள் இராத்திரி வந்து, எந்த இடத்தில் நிறுத்தினேன் என்று கேட்பதும் அந்தப் பிள்ளையிடம்தான். கதையின் கணக்கு கேட்பவர் கையில் இருக்கிறது.

இந்த ‘ம்’மில் எத்தனை வகை! அவசரப்படுத்துகிற ‘ம்’ ஒன்று, சீக்கிரம் சொல்லு என்று. பயந்துபோய்ப் பாதியில் நிற்கிற ‘ம்’ ஒன்று. இதை நான் நம்பவில்லை என்று மேலே ஏறி முடிகிற ‘ம்ம்?’ ஒன்று. தெரிந்த கதையில் தெரிந்த இடம் வரும்போது கொஞ்சம் முந்திக்கொண்டு வருகிற ‘ம்’ ஒன்று. அனுபவப்பட்ட கிழவிக்கு இருட்டில் பிள்ளையின் முகம் தெரிய வேண்டியதில்லை. அந்த ஒலியை வைத்தே பேயைப் பெரிதாக்குவதா, சின்னதாக்குவதா, ஏழாவது பெண்டாட்டியை இன்றைக்கே கொண்டுவருவதா, நாளைக்கு வைப்பதா என்று முடிவுசெய்வார்.

வீட்டுக் கதையில் மட்டும் இப்படியில்லை. வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போட ஆள் இருக்கிறார். கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா வந்து நின்றதும் நீ யார், எந்த ஊர் என்று அவரையே கேட்டுவிடுவான். கொங்கு நாட்டில் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு துணையாள் அடியை வாங்கித் திருப்பிச் சொல்வார். நம் தோட்டங்களில் பொன்னர் சங்கராக ஆடுகிறோமே, அதே கதைதான். மாசி மாதத்தில் கம்பம் நட்டுக் காமன் கூத்து நடத்தும்போது வாசலில் நிற்கிற சனம் வேடிக்கை பார்க்க மட்டுமா நிற்கிறது? ரதி அழும்போது சேர்ந்து அழுகிற பெண்கள் இல்லாவிட்டால் ரதிக்கு அழுகை வராது. தப்படிக்கிறவரின் கண் பாதி நேரம் ஆட்டக்காரர் காலில் இருக்கும், பாதி நேரம் சனத்தின் மேல் இருக்கும்.

அண்ணன்மார் கதையில் இதற்கு ஒரு நல்ல சாட்சியம் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டுக் கிராமமொன்றில், ஊர் கூடி உட்கார்ந்திருக்க, பல இரவுகள் பாடப்பட்ட இந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர் அதே கதையை எழுத்தர் ஒருவருக்கு உட்கார்ந்து சொல்லி எழுதவும் வைத்தார். ஒரே ஆள், ஒரே கதை. ஆனால் இரண்டும் ஒன்றாக இல்லை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து 1982இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். ஊர் கேட்கும்போது பாடுவதும், ஒருவர் எழுதும்போது சொல்வதும் வேறு வேறு வேலைகள். உங்கள் கடைசி வரி பசறை அம்மாவை இரண்டாவது வேலைக்குத்தான் அழைக்கிறது. எழுத்தர் இருக்கிற இடத்தில் கைப்பேசி இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு ஏற்பாட்டாளர்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். நூறு பேர் ஒலிவாங்கியைத் திறந்தால் நாய் குரைக்கும், குக்கர் விசிலடிக்கும், யாரோ ஒருவர் வீட்டில் தொலைக்காட்சி நாடகம் ஓடும். உண்மைதான். தொழில்நுட்பமும் நமக்குச் சாதகமாக இல்லை. 2009இல் பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்து பார்த்த ஆய்வொன்று வந்தது. ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் அடுத்தவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையில் உள்ள நேரம் சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி வித்தியாசம் சொற்பம். (தமிழ் அந்தப் பத்தில் இல்லை. நம் லயத்து வாசலில் வைத்து அளந்திருந்தால் இடைவெளியே கிடைத்திருக்காது.) டொரொன்டோவிலிருந்து பதுளைக்குக் குரல் வந்து, பதில் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் அந்த ஐந்தில் ஒரு பங்கு தாண்டிவிடுகிறது. சரியான இடத்தில் கொட்டிய ‘ம்’ அடுத்த சொல்லின் மேல் போய் விழுகிறது. போதாக்குறைக்குச் செயலிகள் வேறு இரைச்சலை வடிகட்டுகிறோம் என்று கிளம்பியிருக்கின்றன. அவற்றின் காதில் தப்புச் சத்தம் இரைச்சல், கைதட்டல் இரைச்சல், ‘ம்’மும் இரைச்சல். சூம் செயலியில் இசைக்கலைஞர்களுக்கென்று மூல ஒலியை அப்படியே அனுப்பும் தெரிவு ஒன்று இருக்கிறது. தேடி எடுத்து அதை இயக்குங்கள். தப்பாவது தப்பிக்கும்.

ஆனாலும் நூறு வாய்களையும் அடைத்துவிடுவது தீர்வில்லை. ஏனென்று சொல்ல ஒரு கதையைக் கடன் வாங்குகிறேன். ஏ. கே. ராமானுஜன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டார் கதைத் தொகுப்பில் இருக்கிற தமிழ்க் கதை இது. என் வாயால் சொல்கிறேன், ‘ம்’ கொட்டுங்கள்.

ஒரு கைம்பெண்டாட்டிக் கிழவி. இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் நாள் முழுக்க அவளை வைது கொட்டுவார்கள். சொல்லி அழ ஓர் ஆள் இல்லை. சொல்லாத துக்கம் உள்ளே தங்கித் தங்கி உடம்பு பெருக்கிறது. அதற்கும் ஏச்சு: தின்று தின்று கொழுக்கிறாள் என்று. ஒருநாள் கால் போன போக்கில் நடந்து ஊருக்கு வெளியே போகிறாள். கூரையில்லாத ஒரு பாழ் வீடு, நாலு சுவர் மட்டும் நிற்கிறது. முதல் சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்த கொடுமையைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தச் சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. அவள் உடம்பில் கொஞ்சம் பாரம் குறைந்தது. இரண்டாவது சுவரிடம் மூத்த மருமகள். மூன்றாவதிடம் இளைய மகன். நாலாவதிடம் இளைய மருமகள். நாலும் விழுந்தன. கிழவி இலேசான உடம்போடு வீட்டுக்கு நடந்தாள்.

இதைச் சொன்னால் சிலர், பாருங்கள், சுவருக்குச் சொன்னாலே போதும், திரைக்குச் சொன்னால் என்ன என்று கேட்கிறார்கள். கதையை அவர்கள் சரியாகக் கேட்கவில்லை. அந்தச் சுவர்கள் இடிந்தன. கேட்டதற்கு அடையாளமாக அவற்றுக்கு ஏதோ நடந்தது. ஒலிவாங்கியை அணைத்து, படத்தையும் அணைத்து, பெயரின் முதல் எழுத்தை மட்டும் ஒரு வட்டத்துக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற நூறு கட்டங்களுக்கு முன்னால் ஒரு கிழவி பேசினால் எந்தச் சுவரும் அசைவதில்லை.

லயத்துச் சுவர் வேறு மாதிரி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பியதில்லை. ஒரு காம்பராவில் சொல்லும் கதையை அடுத்த காம்பராவில் படுத்தபடியே கேட்கலாம். அதற்கு அடுத்ததிலிருந்தும் சிரிப்புச் சத்தம் வரும். அந்த நெருக்கத்தை நான் புகழவில்லை. அதற்குள் குடும்பம் நடத்தியவர்களுக்கு அதன் அவமானம் தெரியும். குடித்துவிட்டு அடிப்பதும் அதே சுவரைத் தாண்டித்தான் கேட்டது. ஆனால் கதைக்கு எப்போதும் பக்கத்தில் ஒரு காது இருந்தது என்பதும் அதே நெருக்கத்தால் வந்ததுதான். இஸ்தோப்பில், பீலிக்கரையில், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசை நகராத நேரத்தில், இழவு வீட்டில் விடிய விடிய விழித்திருக்கும்போது, பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவின் மடியில், எங்கேயும் ஒருவர் தனியே உட்கார்ந்து கதை கேட்டதில்லை.

ஆகையால் நான் கேட்பது இது. ஆளுக்கொரு கைப்பேசி என்று கூட்டத்தை நடத்தாதீர்கள். தோட்டத்துக்கு ஓர் இடம். கோயில் மண்டபமோ, பாடசாலை வகுப்பறையோ, வாசிகசாலையோ. முப்பது பேர் ஒன்றாக உட்காரட்டும், ஒரு பெரிய திரை, ஒரு நல்ல ஒலிபெருக்கி. கதை சொல்கிற அம்மாவுக்கு முன்னாலும் பத்துப் பேர் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய மொழியில் ‘ம்’ கொட்டத் தெரிந்தவர்கள். அந்த ‘ம்’ தாமதமில்லாமல் அவருக்குக் கேட்கும். அவர் குரலோடு சேர்ந்து டொரொன்டோவுக்கும் போகும். தூரத்தில் இருக்கிற மண்டபங்களில் இடத்துக்கு ஒருவருடைய ஒலிவாங்கி திறந்திருந்தால் போதும். அவர் அந்த மண்டபத்தின் கட்டியங்காரன். சிரிப்பை அவர் அனுப்புவார்.

டேட்டாச் செலவும் அப்போது குறையும். கவரேஜ் இல்லாத மலைகளைப் பற்றிப் பதுளை மாவட்டத்துக்காரர்களிடம் நான் சொல்லவேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில், 2021இல், இதே மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்து ஆசிரியரும் பிள்ளைகளும் இணைய வகுப்புக்காகக் காட்டுக்குள் நடந்து பாறை உச்சிக்கு ஏறியது உலகச் செய்தியானது. அது சிங்களக் கிராமம். தோட்டங்களில் அதே காலத்தில் எத்தனை பிள்ளைகள் தேயிலை மலை உச்சியிலும் தண்ணீர்த் தாங்கி மேலும் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தார்கள் என்பது செய்தியாகாமலே போய்விட்டது.

ஓர் இணைய இணைப்பைப் பலர் பகிர்ந்து கேட்பது நான் கண்டுபிடித்த உத்தியல்ல. பக்கத்து மாகாணத்தில் கொத்மலைச் சமூக வானொலி 1998 வாக்கில் யுனெஸ்கோ உதவியோடு ஒன்று செய்தது. அப்போது அந்தப் பக்கத்தில் கணினி வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். நேயர்கள் கேள்வி அனுப்புவார்கள். நிலையத்தில் இருக்கிறவர்கள் இணையத்தில் தேடிப் படித்து, அதைத் தங்கள் மொழியில் வானொலியில் பேசிச் சொல்வார்கள். இணையத்தை வாயால் சொல்லிக் காதால் கேட்க வைத்த அந்த முயற்சியை வெளிநாடுகளிலிருந்து வந்து பார்த்துப் படித்துப் போனார்கள். நாம் மறந்துவிட்டோம்.

சரி, எதற்கு இவ்வளவு பாடு, நேரில் கூடுகிற கதை மாலையே போதுமே என்றும் கேட்கலாம். போதாது. கோத்தகிரிப் பாட்டியை நேரில் கூப்பிட முடியாது. அவர் ஏன் கோத்தகிரியில் இருக்கிறார் என்பதே நம்முடைய பெரிய கதை. 1948இல் குடியுரிமை போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். பிறகு 1974இல் அந்த ஒன்றரை இலட்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் விண்ணப்பம் ஒரு பக்கம், தம்பி விண்ணப்பம் மறுபக்கம். பதுளைக் கோச்சியில் ஏறியவர்கள் தலைமன்னாரில் கப்பல் பிடித்து இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்காகவே தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் திறந்தது. டான்டீ என்று இன்றைக்கும் பெயர். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். அவர்களைச் சிலோன்காரர்கள் என்பார்கள். இங்கே இருந்தவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். 1984இல் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு ஒரே அப்பாயியின் பேரப்பிள்ளைகள் ஒரே கதையை இரண்டு மலைகளில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் ஒருவர் கதைக்கு ஒருவர் ‘ம்’ கொட்ட, கைப்பேசி தவிர இப்போதைக்கு வேறு பாலம் இல்லை. அதனால்தான் அந்தப் பாலத்தில் வாயைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள் என்கிறேன்.

இனி நிரலைப் பற்றி. நாட்டுக்கு ஒரு கதை, ஆளுக்கு ஓர் உடுப்பு, முடிவில் எல்லோரும் கைகாட்டுவது என்ற வடிவம் எனக்குப் பிடிக்காது. அதில் கதைகள் ஒன்றையொன்று பார்ப்பதேயில்லை. உறவுக்காரக் கதைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன?

வெலிமடைக்காரர் நிச்சயம் மஹாதெனமுத்தாவைக் கொண்டுவருவார். எல்லாம் தெரிந்த அந்தப் பெரியவரைச் சிங்களப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொள்கிறது. யோசனை கேட்கிறார்கள். யானைமேல் வருகிறார். யானை உள்ளே வருவதற்காகச் சுவரை இடிக்க வைக்கிறார். ஆட்டின் தலையை வெட்டு என்கிறார். வெட்டினால் தலை பானைக்குள். இப்போது பானையை உடை என்கிறார். ஆடும் போயிற்று, பானையும் போயிற்று, சுவரும் போயிற்று. அவருக்கு ஐந்து சீடர்கள். நம் பரமார்த்த குருவுக்கும் ஐந்து சீடர்கள்தான். ஆற்றைக் கடந்து வந்து ஆட்களை எண்ணி, எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவர் ஆற்றோடு போய்விட்டார் என்று ஒப்பாரி வைப்பார்களே, அதே கூட்டம். வீரமாமுனிவர் எழுதி, 1822இல் பாபிங்டன் என்பவர் லண்டனில் அச்சிட்ட கதை. உலகக் கதைகளை வகைப்படுத்தி எண் கொடுத்திருக்கிற அட்டவணையில் எண்ணத் தெரியாத முட்டாள்களுக்கு 1287, பானைக்குள் தலை மாட்டிய கதைக்கு 1294. பெல்ஃபாஸ்ட்காரரிடமும் இந்த எண்களின் கீழே ஏதாவது இருக்கும்; கேளுங்கள். சிங்களக் கதையைக் கேட்டு முடித்த கையோடு பசறை அம்மா குருவைத் தொடங்கினால் வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பாளர் குறுக்கே நிற்க வேண்டியதில்லை. முதலில் நாலு வரியில் சாரத்தைச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். தன்னிடமும் இப்படி ஒரு முட்டாள் இருக்கிறான் என்று தெரிந்தவுடன் கேட்பவர் பாதி மொழியைத் தானே பிடித்துவிடுவார்.

தம்பானைப் பெரியவரின் கதை வேறு மரியாதை வேண்டுவது. ஊவாவிலும் கிழக்கிலும் இருந்த வேடர்களைத் தேடி செலிக்மன் தம்பதியர் வந்தபோது ஒலிப்பதிவுப் பெட்டியோடு வந்தார்கள். அவர்களது 1911ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அந்தப் பதிவுகளை வைத்து எழுதிய இசை அத்தியாயமே இருக்கிறது. இந்த நாட்டில் ஆதிவாசிகளின் குரலைப் பதிவு செய்து கொண்டுபோனவர்கள் அதிகம். உட்கார்ந்து ‘ம்’ கொட்டியவர்கள் குறைவு. அவருக்குப் பத்து நிமிடக் கணக்கு வைக்காதீர்கள்.

எல்லவுக்குப் போனால் இராவணன் குகை, இராவணன் அருவி. அந்தக் கதைகளைச் சுற்றுலா வழிகாட்டிகளிடம் விட்டுவிடலாம், அவர்களுக்கும் பிழைப்பு வேண்டும்.

நாம் என்ன சொல்வது? கண்டிச் சீமைக்குப் போனால் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள் கட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து, வழியில் செத்தவர்களை விட்டுவிட்டு வந்த கதையும் தெரியும். இருநூறு வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதில் அந்தக் கதைகள் வழியெல்லாம் பேசப்பட்டன. அதோடு ஊவாவுக்கென்றே இருப்பவற்றையும் எடுங்கள். பதுளைக்குப் பக்கத்தில் வேவஸ்ஸ தோட்டத்தில் 1940இல் சமசமாஜிகள் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம், நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு மைல்கல். அதைப் பற்றிப் புத்தகம் சொல்வது ஒன்று. அந்தக் காம்பராக்களில் தாத்தா சொன்னதாகச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டு வைத்தவர்கள் எத்தனை பேர்?

எனக்கு மிகப் பிடித்தது சாமிக் கதைகள். கொழுந்துத் தொழிற்சாலைக்குள் ரோதமுனி இருக்கிறார். கவ்வாத்து வெட்டத் தொடங்கும்போது கவ்வாத்துச்சாமிக்குப் பூசை. இந்தச் சாமிகள் ஊரிலிருந்து பெட்டியில் வந்தவையல்ல. ஸ்டோரின் பெரிய ரோதை சுழன்றதைப் பார்த்து, அதில் கை போனவர்களையும் உயிர் போனவர்களையும் பார்த்து, அதற்குள் ஒரு முனி இருக்கிறார் என்று நம் ஆட்கள் அறிந்துகொண்டார்கள். சீமையிலிருந்து வந்த இரும்புக்குள் தமிழ் முனி குடியேறிவிட்டார். பெல்ஃபாஸ்ட்காரர் வருகிறார் என்றவுடன் நான் நிமிர்ந்து உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். சாமுவேல் டேவிட்சன் 1881இல் தொடங்கிய சிரோக்கோ தொழிற்சாலை அந்த ஊரில்தான் இருந்தது. தேயிலை உலர்த்தும் இயந்திரங்களைச் செய்து உலகத்துத் தேயிலை நாடுகளுக்கெல்லாம் அனுப்பிய இடம். நம்முடைய ஸ்டோர்களிலும் அந்தப் பெயரைப் படித்தவர்கள் இந்தச் சபையில் இருப்பீர்கள். அங்கே அந்த இயந்திரங்களை வார்த்த தொழிலாளியின் பேரன் பேத்திகளிடமும் கதை இருக்கும். இந்த இரண்டு கதைகளும் இதுவரை சந்தித்ததில்லை. டொரொன்டோவோ பெல்ஃபாஸ்டோ, எந்த ஊர்க் கதைசொல்லியும் கொண்டுவர முடியாத சரக்கு ரோதமுனி. அவரை வைத்துக்கொண்டு நாம் ஏன் தெனாலிராமனைச் சொல்ல வேண்டும்?

இன்னொன்று. இதைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் கதையைப் பற்றிப் பேசக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எழுத்தில் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கோப்பில் இருந்தது. சனம் லயத்தில் இருந்தது. எச்சரிக்கையைக் கதையில் வைத்த இடமும் உண்டு: இந்தோனேசியாவில் சிமெலூ என்றொரு தீவு. அங்கே 1907இல் கடல் பொங்கி ஏராளமானோர் செத்தார்கள். அதை அவர்கள் ‘ஸ்மொங்’ என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள்: நிலம் ஆடி, கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு. 2004 டிசம்பர் 26இல் பூகம்பம் நடந்த இடத்துக்கு மிக அருகே இருந்த தீவு அதுதான். ஏறக்குறைய 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். நம் தீவில் முப்பதாயிரத்துக்கும் மேல். கதை இருந்தால் மீரியபெத்தை தப்பியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. போவதற்கு வேறு வீடு இல்லாத சனத்திடம் ஓடு என்று சொல்லி என்ன பயன்? ஆனால் நிலம் வெடிப்பதையும் ஊற்று இடம் மாறுவதையும் மரம் சாய்வதையும் கண்ட பெரியவர்கள் கொஸ்லந்தையிலும் பூனாகலையிலும் ஹல்துமுல்லையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது பேரப்பிள்ளை காதுக்குப் போக வேண்டும். உங்கள் மாலையில் அரை மணி நேரம் அதற்கு வையுங்கள். சிரிப்புக் கதைகளுக்கு நடுவே அது பொருந்தாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இழவு வீட்டில்கூடச் சிரிக்கக் கதை சொல்கிற சனம் நாம்.

ஒரு மாலை நடந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு? அயர்லாந்தில் 1937இலிருந்து 1939 வரை பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டுத் தாத்தா பாட்டியிடம், பக்கத்து வீட்டுக் கிழவரிடம் கேட்டு, கதை, மருந்து, விளையாட்டு, பேய், பஞ்சம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவா என்று. ஏறக்குறைய ஐயாயிரம் பாடசாலைகள், ஐம்பதாயிரம் பிள்ளைகள். அந்தக் கொப்பிகள் இன்றைக்கு இணையத்தில் எல்லோரும் படிக்கக் கிடக்கின்றன. நமக்கு சி. வி. வேலுப்பிள்ளை பாட்டுகளைத் தேடித் தொகுத்துக் கொடுத்தார். சாரல் நாடன் மலையக வாய்மொழி இலக்கியத்தைப் பற்றி எழுதினார். தனி ஆட்கள் தம் கைக்காசில் செய்த வேலை. பாடுகளைப் பாட்டாகச் சொல்லியவர்கள் கொஞ்சமாவது ஏட்டில் ஏறினார்கள். கதையாகச் சொல்லியவர்கள் ஏறவில்லை. பதுளை, பண்டாரவளை, பசறை, லுணுகலைத் தமிழ்ப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு தவணைக்கு ஒரு கதை என்றால்கூடப் போதும். எழுத வேண்டியது கதையை மட்டுமல்ல: யார் சொன்னது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் ‘ம்’ கொட்டினார்கள், எங்கே சிரித்தார்கள். இதை வீட்டு வேலையாகக் கொடுத்தால் முதல் முறை கூகுளில் தேடி எழுதிக்கொண்டு வருவார்கள். ஆசிரியர்கள் இரண்டாம் முறை வரை பொறுத்திருக்க வேண்டும்.

ஒலிப்பதிவுகளை வைக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. நூலக நிறுவனம் 2005இலிருந்து நம் எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வருகிறது. ஒலி, ஒளிப்பதிவுகளுக்கு ஆவணகம் என்று தனியே வைத்திருக்கிறது. ஆனால் பதிவு செய்வதற்கு முன்னால் சொல்கிறவரிடம் கேளுங்கள். குடும்பத்துக்குள் மட்டும் சொல்கிற கதைகள் உண்டு. கங்காணி பெயர் வருகிற கதைகள் உண்டு. அந்தக் கங்காணியின் பேரன் அடுத்த லயத்தில் இருப்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சரி என்றால் அவர் பெயரைப் போடுங்கள். நாட்டார் கதை, சொன்னவர் பெயர் தெரியவில்லை என்று எழுதுகிற வழக்கம் நம்மோடு நின்றுபோகட்டும். பெயர் தெரியாமல் இல்லை, கேட்கவில்லை.

சில்லறை விஷயங்கள் மூன்றைச் சொல்லி முடிக்கிறேன். இலவசக் கணக்கில் சூம் கூட்டம் நாற்பது நிமிடத்தில் தானே அறுந்துவிடும். ஏழாவது பெண்டாட்டி வருகிற நேரத்தில் அறுந்தால் அந்தப் பாவம் உங்களைச் சேரும். நேரத்தை இரவு ஏழரை என்று வையுங்கள். கோடை காலமென்றால் டொரொன்டோவில் காலை பத்து, பெல்ஃபாஸ்டில் பிற்பகல் மூன்று. அதற்கு மேல் இழுத்தால் காலையில் பிரட்டுக்குப் போகிறவர்கள் இருக்கமாட்டார்கள். அவர்கள் இல்லாமல் இந்த மாலை யாருக்கு?

கடைசியாகக் கூலி. டொரொன்டோக்காரருக்கும் பெல்ஃபாஸ்ட்காரருக்கும் சன்மானம் என்று நிரலில் ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள். பசறை அம்மாவின் பெயருக்கு நேரே பொன்னாடை என்று இருக்கிறது. பொன்னாடையை வைத்து அவர் என்ன செய்வார்? ஒத்திகைக்கு ஒருநாள், நிகழ்ச்சிக்கு ஒருநாள், அவருடைய வேலை கெடுகிறது. அந்த இரண்டு நாளுக்கும் நாள் சம்பளம் விழும்படி அவருக்குப் பேர் போடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கிற சன்மானத்தையும் அதே அளவில் கொடுங்கள். பத்து நிமிடம்தானே பேசினார் என்று அரைப்பேர் போட்டுவிடாதீர்கள்.